சார்ஜ் ஏறாத மின்சார காரும் ஒரு ஜாப் கார்டும்: உரிமையாளருக்குச் சட்டம் தரும் வழிகள்

2024 ஜூன் மாதம் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் விற்ற 1,744 ஐயோனிக் 5 மின்சார கார்களை ரீகால் செய்தது, அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் பாகங்களை ஒன்றுசேர்த்து உருவான கார்கள் அவை. அடுத்த மாதமே அதே குழுமத்தைச் சேர்ந்த கியா 1,138 இவி6 கார்களை அழைத்தது. 2025 பிப்ரவரியில் கியாவின் அழைப்பு மறுபடியும் வந்தது, இந்த முறை 1,380 கார்களுக்கு. மூன்று அழைப்புக்கும் காரணம் ஒரே பாகம்: ஐசிசியு எனப்படும் ஒருங்கிணைந்த சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் சட்டப் பக்கமும் எளிதில் பிடிபடும். வீட்டு பிளக்கில் வருவது ஏசி, அதாவது மாறுதிசை மின்சாரம். காரின் பெரிய பேட்டரிக்கு வேண்டியது டிசி, அதாவது நேர்திசை மின்சாரம். அந்த மாற்றத்தைச் செய்வது ஐசிசியுவின் ஒரு வேலை. பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தத்தைக் குறைத்து, பெட்ரோல் காரில் இருப்பது போன்ற சின்ன 12 வோல்ட் பேட்டரியை நிரப்புவது இன்னொரு வேலை. விளக்கு, கணினி, கதவுப் பூட்டு, மோட்டாரை இயக்கும் கட்டுப்பாடு எல்லாம் அந்தச் சின்ன பேட்டரியை நம்பியே இருக்கின்றன. ஐசிசியுவுக்குள் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாய்ந்து உள்ளிருக்கும் பாகங்கள் கருகினால், 12 வோல்ட் பேட்டரிக்கு வரும் மின்சாரம் நின்றுவிடும். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருப்பதாகத் திரை காட்டும், ஆனால் வண்டி வேகம் குறைந்து நின்றுவிடும். திண்டிவனம் தாண்டி இரவு 11 மணிக்கு, குடும்பத்தோடு போகும்போது இப்படி நடந்தால் அதை வெறும் சார்ஜிங் பிரச்சினை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்காவிலும் கதை இதுதான். 2024 மார்ச்சில் ஹூண்டாய், ஜெனிசிஸ் கார்கள் 98,878 அழைக்கப்பட்டன. சாஃப்ட்வேரைப் புதுப்பித்தார்கள், தேவைப்பட்டால் பெட்டியை மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் 1,45,235 கார்களை மீண்டும் அழைத்தார்கள். முதல் முறை சரிசெய்யப்பட்டவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரீகால் கடிதம் வந்து, சர்வீஸ் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டு வந்ததும் தன் உரிமை அதோடு முடிந்தது என்று பல உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். முடியவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 100-ஆம் பிரிவு, இந்தச் சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலாகவே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. ரீகால் என்பது மோட்டார் வாகனப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நீங்கள் கொடுத்த காசுக்குச் சரியான பொருள் வந்ததா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம் என்பதில்தான் பெரும்பாலான வழக்குகள் ஜெயிக்கின்றன அல்லது தோற்கின்றன.

சாட்சியம் யாரிடம் இருக்கிறது?

பெட்ரோல் காரில் கிளட்ச் போனால் உள்ளூர் மெக்கானிக் கழற்றிப் பார்த்துச் சொல்வார். மின்சார காரில் சார்ஜ் 43 சதவீதத்தில் ஏன் நின்றது என்பது பேட்டரி மேலாண்மைக் கணினியில் ஒரு பிழைக் குறியீடாகப் பதிந்திருக்கும். அதைப் படிக்கும் கருவி டீலரிடம் இருக்கிறது. அந்தத் தரவு பல மாடல்களில் நிறுவனத்தின் சர்வருக்கும் போகிறது. கார் உங்களுடையது, ஆனால் கோளாறுக்கான ஆதாரம் எதிர்த்தரப்பின் கையில். இந்தச் சமமின்மையை உணராமல் வழக்குப் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, பாடுபட்டிருக்கிறார்கள். காட்ட மட்டும் ஒன்றும் இல்லை.

ஆகவே ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் பணிச் சீட்டு, வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போது உங்கள் புகார் உங்கள் வார்த்தையிலேயே அதில் எழுதப்பட வேண்டும். “ஜெனரல் செக்கப்” என்று எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். “50 கிலோவாட் டிசி சார்ஜரில் 43 சதவீதத்தில் நின்றது, இன்ன தேதி, இன்ன எச்சரிக்கை திரையில் வந்தது” என்று இருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது என்ன பிழைக் குறியீடு வந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது, எந்த சாஃப்ட்வேர் பதிப்பு ஏற்றப்பட்டது, எத்தனை நாள் வண்டி உள்ளே நின்றது என்பவை பில்லில் இருக்க வேண்டும். “சார், இதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கு, பிரிண்ட் வராது” என்று சொன்னால், அன்று மாலையே அதே விவரங்களை மின்னஞ்சலில் எழுதி டீலருக்கும் நிறுவனத்துக்கும் அனுப்பிவிடுங்கள். பதில் வராவிட்டாலும் அது ஆவணம். திரையில் வரும் எச்சரிக்கையைத் தேதி தெரியும்படி வீடியோ எடுப்பது, பொது சார்ஜர் செயலியில் இருக்கும் கட்டண ரசீதைச் சேமிப்பது எல்லாம் பின்னால் பேசும். அந்த ரசீதில் எத்தனை யூனிட் ஏறியது, எத்தனை மணிக்கு நின்றது என்பது மூன்றாம் தரப்பின் பதிவாக இருக்கிறது. நிறுவனம் அதை மறுப்பது கடினம்.

இன்னொரு தடுப்பு வாதம் தவறாமல் வரும்: “உங்க வீட்டு எர்த்திங் சரியில்லை.” சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். நம் பழைய வீடுகளில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் இருப்பது புதிதல்ல, கார் அதைக் கண்டு சார்ஜ் ஏற மறுப்பதும் சரியான நடத்தைதான். அதனால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் அளந்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிட வலுவானது, சர்வீஸ் சென்டரின் சொந்த சார்ஜரிலேயே வண்டியை மாட்டச் சொல்லி, அங்கேயும் நின்றால் அதை ஜாப் கார்டில் பதியச் செய்வது. அந்த ஒரு வரி எர்த்திங் வாதத்தை முடித்துவிடும்.

நிறுவனத்திடம் இருக்கும் தரவைப் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது, அதிகம் பயன்படுத்தப்படுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் 9-ஆவது உட்பிரிவு, ஆவணங்களைக் கொண்டுவரச் செய்வதில் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை நுகர்வோர் ஆணையத்துக்குத் தருகிறது. என் காரின் சார்ஜிங் பதிவுகள், பிழைக் குறியீடுகள், சாஃப்ட்வேர் மாற்ற வரலாறு ஆகியவற்றை எதிர்த்தரப்பு தாக்கல் செய்ய வேண்டும் என்று தனி மனுவாகவே கேட்கலாம். கேட்டும் கொடுக்காவிட்டால், நிறுவனத்துக்கு எதிரான முடிவுக்கு வரும்படி ஆணையத்தை வேண்டலாம்.

எது ‘குறைபாடு’?

சட்டம் தரும் வரையறை நாம் நினைப்பதைவிட அகலமானது. பொருளின் தரம், அளவு, திறன் ஆகியவற்றில் உள்ள எந்தக் குறையும் குறைபாடுதான். சட்டப்படி இருக்க வேண்டிய தரம் மட்டும் அளவுகோல் இல்லை. ஒப்பந்தப்படி இருக்க வேண்டியதும், விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்டதும் அளவுகோல். ‘எந்த விதத்திலாவது’ என்ற அந்தச் சொற்கள் மின்சார கார் உரிமையாளருக்குப் பெரிய துணை. 10-இலிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம் என்று ப்ரோஷரில் அச்சிட்டிருந்தால் அதுவும் கணக்கில் வரும். எனவே கார் வாங்கிய நாளில் இருந்த ப்ரோஷரையும் இணையப் பக்கத்தின் நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனையையும் படியுங்கள். அந்த 18 நிமிடம் 350 கிலோவாட் சார்ஜருக்குச் சொன்னது. 60 கிலோவாட் சார்ஜரில் 50 நிமிடம் ஆனது என்று புகார் கொடுத்தால் அது குறைபாடு ஆகாது.

வாரண்ட்டிப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விளம்பரத்தில் பெரிதாக வரும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற வாக்குறுதி பெரும்பாலும் உயர் மின்னழுத்த பேட்டரிக்கானது. சார்ஜ் ஏறாததற்குக் காரணம் பேட்டரியாக இல்லாமல் காருக்குள் இருக்கும் சார்ஜராக இருந்தால், அது வண்டியின் பொது வாரண்ட்டிக்குள் வருகிறதா, பேட்டரி வாரண்ட்டிக்குள் வருகிறதா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொது வாரண்ட்டி பல ஆண்டுகள் முன்பே முடிந்துவிடும். கோளாறின் முதல் அறிகுறி வாரண்ட்டிக் காலத்துக்குள் ஜாப் கார்டில் ஏறியிருந்தால், பின்னால் அதே பாகம் போகும்போது உங்கள் நிலை வலுவாக இருக்கும்.

என்ன கிடைக்கும்?

புதிய கார் வேண்டும் அல்லது முழுப் பணமும் வேண்டும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நியாயமான கோபம். ஆனால் உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் சொன்னதை மறக்கக் கூடாது. வாரண்ட்டி என்பது பழுதான பாகத்தை மாற்றித் தரும் கடமை, பாகத்தை மாற்றினால் போதும் என்ற நிலையில் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். கார் நிறுவனங்களின் வக்கீல்கள் இதை மேற்கோள் காட்டாத பதில் மனு அரிது.

முழு வண்டிக்குப் பதிலோ பணமோ வேண்டுமென்றால், உற்பத்தியிலோ வடிவமைப்பிலோ வேரூன்றிய கோளாறு இது, பாகத்தை மாற்றியும் தீரவில்லை என்று காட்ட வேண்டும். ஒரே பெட்டி இரண்டு முறை, மூன்று முறை மாற்றப்பட்ட ஜாப் கார்டுகள் இங்கேதான் உயிர் பெறுகின்றன. ஒரே பாகத்துக்காக நிறுவனமே இரண்டு முறை ரீகால் அறிவித்தது என்பதும் ஒரு வலுவான சூழ்நிலைச் சான்று. அது மட்டும் உங்கள் குறிப்பிட்ட காரில் கோளாறு இருந்ததை நிரூபித்துவிடாது என்றாலும்.

ஆய்வகச் சோதனை இல்லாமல் முடிவு சொல்ல முடியாத நிலையில், ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. வாகனச் சோதனைக்கு புனேயில் அராய் எனப்படும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமும், நம் ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. செலவை மனுதாரர் முதலில் கட்ட வேண்டியிருக்கும். நிபுணர் அறிக்கை இல்லாவிட்டால் எல்லாமே போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் ஹூண்டாய் எதிர் ஷைலேந்திர பட்நாகர் வழக்கில், க்ரெட்டா காரின் ஏர்பேக் விபத்தில் விரியாததற்கு, மோதலின் விசை போதவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் வல்லுநர் இல்லை என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, வண்டியை மாற்றித் தரும் உத்தரவை உறுதி செய்தது. பேட்டரி வேதியியலுக்கும் அதே தர்க்கம் பொருந்தும் என்பது என் கருத்து. வாகனம் ஓட்டுபவர் பேட்டரிக்குள் இருக்கும் சிறு செல்களின் சமநிலைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

மனுவில் கோரிக்கைகளை அடுக்கடுக்காக வைப்பது புத்திசாலித்தனம். முதலில் பணம் திரும்ப அல்லது மாற்று வண்டி. அது மறுக்கப்பட்டால் பாகத்தை மாற்றி, அந்தப் பாகத்துக்கு நீட்டித்த வாரண்ட்டி. இரண்டிலும் வண்டி நின்ற நாட்களுக்கான டாக்சிச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. ஒன்றை மட்டும் கேட்டு அது மறுக்கப்பட்டதால் வெறுங்கையோடு திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

2019 சட்டம் புதிதாகக் கொண்டுவந்த ‘பொருள் சார்ந்த பொறுப்பு’ அத்தியாயத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 84-ஆம் பிரிவு உற்பத்தியாளரை உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, எச்சரிக்கை தராமை ஆகியவற்றுக்குப் பொறுப்பாக்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தீங்கு’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறையைப் படித்தால், அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது. சார்ஜ் ஏறும்போது தீப்பிடித்து ஷெட்டும் பக்கத்து ஸ்கூட்டரும் எரிந்தால், யாருக்காவது காயம் பட்டால், அந்த அத்தியாயம் உங்களுக்கானது. கார் மட்டும் பாழானால் அதற்கு வழி ‘குறைபாடு’ என்ற பழைய பாதைதான். மனு எழுதும்போது இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல பக்கங்கள் வீணாகின்றன.

யாரை எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. டீலரை மட்டும் சேர்த்தால் அவர் நிறுவனத்தைக் கை காட்டுவார். நிறுவனத்தை மட்டும் சேர்த்தால் அது டீலரைக் காட்டும். டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பவுலோ வாஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம், டீலரின் தனிச் செயலுக்கு நிறுவனம் தானாகப் பொறுப்பாகாது என்று சொல்லியிருக்கிறது. இருவரையும் சேருங்கள்.

எங்கே, எப்போது, எவ்வளவு செலவில்

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதையும் தாண்டினால் தேசிய ஆணையம். 15 லட்சத்துக்கு வாங்கிய காருக்கு மனுக் கட்டணம் 400 ரூபாய்தான், 45 லட்சத்துக்கு 1,000 ரூபாய். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். சென்னையில் வாங்கிய காருக்குத் திருநெல்வேலியில் வழக்குப் போட இப்போது தடையில்லை. இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியே தாக்கல் செய்ய முடியும், வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன.

கோளாறு தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்கு வர வேண்டும். சர்வீஸ் சென்டர் ‘பார்ட் வரணும்’ என்று இழுக்கும் மாதங்கள் அந்தக் கெடுவைத் தானாக நீட்டிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். எதிர்த்தரப்புக்கும் கெடு உண்டு: பதில் தர 30 நாள், கூடினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் கொடுக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்தது. வழக்கு 3 மாதத்தில், சோதனை தேவையென்றால் 5 மாதத்தில் முடிய முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும்.

கடனில் வாங்கிய வண்டி என்றால் கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தத்துக்குக் காரின் கோளாறு ஒரு பொருட்டே இல்லை. வண்டியும் போய் சிபில் மதிப்பெண்ணும் போகும்.

நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கியவர்கள், ‘வணிக நோக்கம்’ என்று தள்ளிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு நிறுவனம் வாங்கிய கார் தானாகவே வணிக நோக்கமாகிவிடாது என்பதை 2024-இல் டைம்லர் கிரைஸ்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு டாக்சியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். 50 மின்சார டாக்சி ஓட்டும் நிறுவனம் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒருவர் போராடுவதும் பலர் சேர்வதும்

ஒரே மாடலில் ஒரே கோளாறு பலருக்கு வரும்போது, 35-ஆம் பிரிவின்படி ஆணையத்தின் அனுமதியோடு ஒரே வழக்காகப் போடலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடமும் போகலாம். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறவும், விலையைத் திருப்பித் தரவும் உத்தரவிட 20-ஆம் பிரிவு அதற்கு அதிகாரம் தருகிறது. 2024 அக்டோபரில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்துக்கு அந்த ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியபோது, உதவி எண்ணில் சேர்ந்த 10,644 புகார்கள்தான் அடிப்படை. ஆளுக்கொரு போன் செய்தவர்களால் வந்த எண்ணிக்கை அது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவு, அரசே ரீகாலுக்கு உத்தரவிட வழிசெய்கிறது. குறிப்பிட்ட சதவீத உரிமையாளர்களோ, ஒரு சோதனை அமைப்போ, வேறு எவருமோ கோளாறை அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, 7 ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும், அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. பணத்தைத் திருப்பித் தருவதும், அதே தரத்தில் வேறு வண்டி தருவதும் அந்தப் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஐயோனிக், இவி6 ரீகால்கள் இந்தப் பிரிவின் கீழ் வந்தவை அல்ல, நிறுவனங்கள் தாமே அறிவித்தவை. தாமாக அறிவிக்கும்போது தீர்வையும் தாமே தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் அது சாஃப்ட்வேராக இருக்கிறது.

அந்த சாஃப்ட்வேர் தீர்வுதான் இனிவரும் வழக்குகளின் களம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் ஷெவர்லே போல்ட் காரில் எல்ஜி தயாரித்த செல்களில் கோளாறு இருந்தது. தீப்பிடிக்கும் அபாயத்தைக் குறைக்க ஜெனரல் மோட்டார்ஸ் 2020 நவம்பரில் சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் சாஃப்ட்வேரை ஏற்றியது. சரிசெய்ததாகச் சொன்ன கார்களும் பிறகு எரிந்தன. 2021 ஆகஸ்டில் அதுவரை விற்ற எல்லா போல்ட் கார்களும், சுமார் 1,42,000, ரீகாலுக்குள் வந்தன. பேட்டரி தொகுதிகளை மாற்றுவது தீர்வானது. செலவு ஏறத்தாழ 200 கோடி டாலர், அதில் பெரும்பகுதியை எல்ஜி ஏற்றது. உரிமையாளர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் 2024-இல் 15 கோடி டாலர் சமரசம் ஏற்பட்டது. டெஸ்லா 2019-இல் ஒரு சாஃப்ட்வேர் மூலம் 1,743 மாடல் எஸ் கார்களின் பேட்டரி மின்னழுத்தத்தைக் குறைத்ததற்கு, 2021-இல் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. காருக்கு 625 டாலர்.

கலிஃபோர்னியாவில் ‘லெமன் சட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், உயிருக்கு ஆபத்தான கோளாறு 2 முறை சரிசெய்தும் தீராவிட்டால், மற்றவை 4 முறை, அல்லது வண்டி மொத்தம் 30 நாளுக்கு மேல் பட்டறையில் கிடந்தால், அது உருப்படாத வண்டி என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அப்படி இல்லை என்று காட்டும் சுமை நிறுவனத்துடையது. நம்மிடம் அப்படிப்பட்ட எண்கள் கொண்ட சட்டம் இல்லை. எத்தனை முறை போதும் என்பதை ஒவ்வொரு ஆணையமும் தன் முன் இருக்கும் காகிதங்களைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. 500 கிலோமீட்டர் ஓடும் என்று வாங்கிய காரில் பாதுகாப்புக்காக என்று சொல்லி 10 சதவீதம் சார்ஜை சாஃப்ட்வேரால் பறித்துக்கொண்டால், ‘விற்பவர் எந்த விதத்திலாவது சொல்லிக்கொண்ட’ தரம் குறைந்துவிட்டது என்று இங்கே வாதிட இடமிருக்கிறது. அந்த வாதத்தை வைக்கப் போகிறவர், அப்டேட்டுக்கு முந்தைய வாரம் முழு சார்ஜில் திரை காட்டிய கிலோமீட்டரைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.